கரும்புக்காட்டுக்கு இணையம்: விலைக்கு வாங்குவதா, நாமே போடுவதா?

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுமிக்கு 'ழ' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் கோயில் மண்டபத்தில், அவள் பள்ளத்தாக்கின் மறுபக்கத்து வீட்டில். நாக்கை மேலே மடித்து வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். மடிந்த நாக்கோடு அந்த வாய் நாலு நிமிடம் திரையில் அசையாமல் இருந்தது. பிறகு படமும் போய்விட்டது, பெயரும் போய்விட்டது. மாலையில் அவளுடைய ஆயா தொலைபேசியில் கூப்பிட்டு, "டேட்டா தீர்ந்துவிட்டது தம்பி, மாதம் பிறக்கட்டும், பார்க்கலாம்" என்றார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.

எங்கள் இடம் தென்னாப்பிரிக்காவில், குவாடுகுசாவிலிருந்து மேற்கே உள்நாட்டுப் பக்கம். அந்த ஊரை எங்கள் வாய் இன்னமும் ஸ்டேன்ஜர் என்றுதான் சொல்கிறது. மேடும் பள்ளமுமாய்ப் போகும் நிலம். பள்ளத்தில் கரும்பு, மேட்டில் தைலமரம். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்பு வெட்ட ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அதன் பின்னால் வந்த கப்பல்களில் வந்தவர்களின் வழியினர் நாங்கள். எங்களைச் சுற்றி எங்களைவிட அதிகமாக ஜூலு குடும்பங்கள். எல்லாம் சேர்ந்து அறுபது வீடு சொல்லலாம். இணையம் வேண்டும் என்பதில் அறுபது வீட்டுக்கும் ஒரே பேச்சு. எப்படி என்பதில்தான் மண்டபத்தில் மூன்று கூட்டம் நடந்து, மூன்றிலும் தேநீர் ஆறிப்போனது. அங்கே பேசப்பட்ட வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதல் வழி, இப்போது இருக்கிறபடியே கைப்பேசி டேட்டாவில் காலம் தள்ளுவது. இதைத் தள்ளிப் பேசுவது சுலபம். ஆனால் இதற்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. முன்பணம் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம், பணம் இருக்கிற அன்று வாங்கினால் போதும். விலையும் முன்புபோல் இல்லை. 2016-இல் டேட்டா விலை குறைய வேண்டும் என்று நாடு முழுக்க எழுந்த குரலுக்குப் பிறகு போட்டி ஆணையம் விசாரணை நடத்தி, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன்பின் வோடகாம் என்ற கைப்பேசி நிறுவனம் 149 ராண்டாக இருந்த ஒரு ஜிபி மாதப் பொதியை 2020-இல் 99 ஆகவும், அடுத்த ஆண்டு 85 ஆகவும் இறக்கியது. அந்த அறிக்கை இன்னொன்றையும் எடுத்துச் சொன்னது: சின்னப் பொதி வாங்குகிறவன்தான் ஒவ்வொரு எம்பிக்கும் அதிக விலை கொடுக்கிறான். சர்க்கரையை மூட்டையாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, கால் கிலோ பொட்டலமாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை. கரும்பு வெட்டிய வம்சத்துக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பல்கலைக்கழக மாணவியின் கணக்கைப் பார்த்தால் போதும். ஒரு மணி நேரக் காணொளிப் பாடம் அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரை தின்றுவிடும். வாரம் பத்து மணி நேரம் என்றால் மாதக் கடைசியில் வீட்டில் மளிகைக்கும் டேட்டாவுக்கும் சண்டை. அதனால்தான் இங்கே பிள்ளைகள் நள்ளிரவுக்கு எழுகிறார்கள். பல பொதிகளில் பாதி டேட்டா இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தான் செல்லும். பன்னிரண்டடித்ததும் எங்கள் மேட்டில் ஒவ்வொரு சன்னலாக நீல வெளிச்சம் தெரியும். பகலில் வாங்க முடியாத பாடத்தை இரவில் இறக்கிவைத்துக்கொண்டு, காலையில் வகுப்பில் தூங்குகிறார்கள்.

இன்னொரு குறை டவர். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது டவரின் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். பேட்டரி இருந்தால்தானே அதுவும்? பல டவர்களில் அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்களில் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட வழியில்லாமல் எங்கள் மேட்டில் பலர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். பழைய வகைச் செயற்கைக்கோள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மறுபடி மேலே போய்க் கீழே இறங்க அரை நொடி ஆகும். கடிதம் படிக்கலாம், பேச முடியாது, ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டே இருப்போம். தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க்குக்கு இந்தக் குறை இல்லை. அதன் முதலாளி ஈலோன் மஸ்க் இங்கே பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்றாலும் சேவை உரிமம்தான் சிக்கல். உரிமம் கேட்கும் நிறுவனத்தில் நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு 30 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்ற விதியைச் சுற்றியே விவாதம் நடக்கிறது. 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா, உரிமமில்லாமல் அதை இங்கே விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. பக்கத்து நாட்டில் பதிவுசெய்த ஆண்டெனாத் தட்டைக் கொண்டுவந்து கூரையில் வைக்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சொன்னார். கோயில் மண்டபத்தின் கூரையில் கள்ளத் தட்டு வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

மூன்றாவது வழி, அரசாங்கமோ, கண்ணாடியிழை வடம் (ஃபைபர்) போடும் பெரிய நிறுவனமோ வரும்வரை காத்திருப்பது. அரசின் அகன்ற அலைவரிசைக் கொள்கை 2013 டிசம்பரில் வந்தது. 2020-க்குள் மக்களில் 90 சதவீதத்தினருக்கு 5 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையம் கிடைக்கும் என்றது. நாங்கள் மீதிப் பத்தில் இருக்கிறோம் போலும். ஃபைபர்க்காரர்களைக் குறைசொல்ல மாட்டேன். நெருக்கமான தெருவில் நூறு மீட்டர் வடத்தில் இருபது வீடு கிடைக்கும். எங்கள் பக்கம் அரைக் கிலோமீட்டருக்கு இரண்டு வீடும் ஒரு மாட்டுக்கொட்டகையும்தான். நானே முதலாளியாக இருந்தாலும் வர மாட்டேன்.

ஆக, உண்மையான போட்டி மீதி இரண்டு வழிக்கும் இடையில்தான்: வடமில்லாமல் அலைவழியே இணையம் தரும் சின்ன வயர்லெஸ் நிறுவனத்திடம் வாங்குவது, அல்லது கூட்டுறவுச் சங்கம் வைத்து நாமே போடுவது.

வயர்லெஸ் நிறுவனங்கள் இந்த நாட்டில் சிற்றூர்களுக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பெரியவர்கள் எட்டிப் பார்க்காத இடத்துக்கு ஒரு பிக்கப் வண்டி, ஒரு ஏணி, இரண்டு பையன்களோடு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் மண்டபத்துக்கும் அப்படி ஒரு நிறுவனம் வந்தது. இருபத்துநாலு மாத ஒப்பந்தம். முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு புரட்டாசி மாதத்தில் ஒரு இரவு இடி விழுந்து மலைமேல் இருந்த கருவி கருகியது. இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்று பத்தொன்பது நாள் போயிற்று. மலைமேல் இருந்த பெட்டி எங்கள் கண்ணுக்குத் தெரியும். அதன் பூட்டைத் திறக்கச் சாவி எங்களிடம் இல்லை. திறந்தாலும் என்ன செய்வது என்று தெரிந்தவர் எங்களில் இல்லை. அந்த மாதத்துக் கட்டணம் மட்டும் தேதி தவறாமல் வங்கியிலிருந்து போனது.

அன்றிலிருந்து எனக்கு வேகம் ஒரு பொருட்டாக இல்லை. எந்த வழியைச் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அறுந்தால் யார் ஏறுவது, எத்தனை மணிக்குள் ஏறுவது என்பதுதான்.

கூட்டுறவு என்றதும் எங்கள் ஆட்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். இளையவர்கள் இங்கிலாந்துக் கதையைச் சொல்வார்கள். லங்காஷயர் கிராமங்களில் 2011-இல் மக்களே பங்கு போட்டு, பார்ன் என்ற சங்கத்தை ஆரம்பித்து, வயல் வயலாகத் தாங்களே பள்ளம் தோண்டி ஃபைபர் போட்டார்கள். நிலக்காரர்கள் வழியை இலவசமாகக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் மாதம் 30 பவுண்டுக்கு ஒரு ஜிகாபிட் வேகம் கொடுத்தார்கள். கேட்கக் கேட்க நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அந்த வயல்கள் அவரவர் சொந்த வயல்கள். எங்கள் பக்கம் ஒரு வடம் நாலு கிலோமீட்டர் போக வேண்டுமானால் ஒரு தோட்டக் கம்பெனி, ஒரு மாகாணச் சாலை, அப்புறம் இங்கோன்யாமா அறக்கட்டளை நிலம் மூன்றையும் கடக்க வேண்டும். அந்த அறக்கட்டளையிடம் இம்மாகாணத்தில் ஏறக்குறைய 28 லட்சம் ஹெக்டேர் இருக்கிறது. ஜூலு மன்னர்தான் அதன் அறங்காவலர். அங்கே ஊர்த்தலைவரின் ஒப்புதலும் வேண்டும், அறக்கட்டளையின் தாளும் வேண்டும். இதையெல்லாம் முடித்தாலும், கரும்பை மறுநடவு செய்ய உழும் ஏர்முனைக்கு வடம் தெரியாது. செம்பு திருட வருகிறவனுக்கும் உள்ளே இருப்பது கண்ணாடி என்று வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். தோண்டும் யோசனையை நான் இப்போதைக்கு ஒதுக்குகிறேன்.

நமக்கு உதவக்கூடிய கதை வெளிநாட்டில் இல்லை, கிழக்குக் கேப் மாகாணத்தில் இருக்கிறது. காஃபி பே கடற்கரைக்குப் பக்கம் மன்கோசி என்ற ஊர். 2012-இல் மேற்குக் கேப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த ஊர்க்காரர்கள் ஆரம்பித்ததுதான் ஸென்ஸெலேனி என்ற ஊர் இணையம். க்கோசா மொழியில் 'நீங்களே செய்யுங்கள்' என்று பொருள். ஊர் மதிக்கிற வீடுகளாகப் பார்த்துக் கூரையில் வைஃபை கருவியும் சூரியத் தகடும் பேட்டரியும் வைத்தார்கள். ஆரம்பத்தில் அதே சூரிய மின்சாரத்தில் ஊராரின் கைப்பேசிகளுக்குச் சார்ஜ் போட்டுக்கொடுத்துச் சில்லறை சம்பாதித்தார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த இடம்: இணையத்துக்கு முன்னாலேயே வருமானம். 2014-இல் கூட்டுறவாகப் பதிந்து, ஐகாசாவிடம் உரிம விலக்கும் பெற்றார்கள். ஒரு கருவிக்கு மாதம் 25 ராண்ட் என்று அளவில்லா இணையம் கொடுக்க முடிந்தது. பெட்டி பக்கத்து வீட்டுப் பாட்டியின் கூரையில் இருந்தால் அதை யார் திருடுவான்? திருடினால் மாலைக்குள் பெயர் வெளியே வந்துவிடும்.

ஆனால் மன்கோசியை அப்படியே நகல் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் இருந்தது, நன்கொடை இருந்தது, ஆண்டுக்கணக்காக வந்துபோகும் படித்த ஆட்கள் இருந்தார்கள். நமக்கு இருப்பது ஒரு மண்டபம், ஆடிக் கஞ்சிக்கு வசூலித்த கணக்குநோட்டு, வயரிங் வேலை தெரிந்த இரண்டு பையன்கள்.

மூத்தவர்கள் கூட்டுறவு என்றதும் தலையாட்டுவார்கள், இங்கிலாந்தை நினைத்து அல்ல. அந்தக் காலத்தில் நட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றால் அரசு தானாகக் கட்டித்தராது. ஊர் பணம் திரட்டி, நிலம் பார்த்து, செங்கல் சுமந்தால் அரசு மானியம் சேர்க்கும். உதவிபெறும் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். நான் படித்ததே அப்படிப்பட்ட பள்ளியில்தான். அதன் சுவரில் எந்தச் செங்கல் யார் வீட்டுக் காசு என்று என் பாட்டனார் கைகாட்டிச் சொல்வார். இந்த ஊருக்குக் கூட்டாகக் கட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தச் சுவரைக் காட்டுவேன். கட்டிய பிறகு செயற்குழுவில் எத்தனை ஆண்டு சண்டை நடந்தது என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். அதைக் காட்ட மாட்டேன்.

சட்டம் பெரிய தடையில்லை. 2005-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆயிரம் ராண்ட் பங்கு போட்டவருக்கும் நூறு ராண்ட் போட்டவருக்கும் ஒரே வாக்கு. உபரியில் குறைந்தது ஐந்து சதவீதத்தைக் காப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும். அதை உறுப்பினர்கள் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சீட்டு தெரியும். ஜூலு வீட்டுப் பெண்களுக்கு ஸ்டோக்வெல் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: மாதம் தவறாமல் பணம், தவறினால் மானக்கேடு. என்னைக் கேட்டால் பொருளாளர் பதவியை ஆண்களிடம் கொடுக்கவே கூடாது.

இயற்பியல்தான் சங்கடம். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்தக் கூரையும் அந்தக் கூரையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. அலை நூல்பிடித்தாற்போல் போவதில்லை. நடுவழியில் சுரைக்காய்போல் உப்பிப் போகிறது. எட்டு கிலோமீட்டர் இணைப்பில் நடுவே அந்த உப்பல் பார்வைக்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 10 மீட்டர் விரியும். அதில் 6 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும். கரும்பைப் பற்றிக் கவலையில்லை. ஆளைவிட இரண்டு மடங்கு வளர்ந்தாலும் அது பள்ளத்தில் நிற்கிறது, வெட்டியும் விடுகிறார்கள். தைலமரம் அப்படியல்ல. இன்று கோட்டுக்குக் கீழே நிற்கும் கன்று மூன்றாம் ஆண்டில் அலையின் வயிற்றைக் குத்தும். மரத்தை வெட்ட ஏழெட்டு ஆண்டு ஆகும். அதுவரை அந்த வீடுகளுக்கு மழைநாளில் இணையம் இராது, இலை நனைந்தால் அலையைக் குடித்துவிடும்.

பங்கீட்டையும் பார்த்துவிட வேண்டும். அறுபது வீட்டுக்கு நூறு எம்பிபிஎஸ் மொத்தமாக வாங்கினால் வீட்டுக்கு ஒன்றரை என்று வகுத்துப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை; எல்லாரும் ஒரே நேரத்தில் குடிப்பதில்லை. ஆனால் இரவு ஏழிலிருந்து ஒன்பது வரை குடிக்கிறார்கள். தெளிவான ஒரு காணொளிக்கு ஐந்து எம்பிபிஎஸ் வேண்டும். இருபது வீட்டில் தொடர் ஓடினால் குழாய் நிறைந்துவிடும். இருபத்தொன்றாவது வீட்டில் பாடம் படிக்கும் பெண்ணுக்குச் சுற்றும் வட்டம்தான். பாடத்துக்கு முதலிடம், தொடருக்கு இரண்டாமிடம் என்று ரவுட்டரில் விதி எழுதலாம். கம்பெனி அப்படி எழுதாது, அதற்கு எல்லாரும் ஒரே வாடிக்கையாளர்தான். சங்கம் எழுதலாம், எழுதினால் தொடர் பார்க்கும் உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார். கேட்கட்டும். கேட்க ஓர் இடம் இருக்கிறதே.

பணக்கணக்கில் எல்லாரும் ஆண்டெனா விலையைத்தான் கேட்கிறார்கள். சங்கத்தைச் சாய்ப்பது ஆண்டெனா இல்லை, பேட்டரியும் சம்பளமும்தான். ஈய-அமில பேட்டரி இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று ஆண்டு வரும். லித்தியம் அதைப்போல் பல மடங்கு வரும், விலையும் அப்படியே. எதை வாங்கினாலும் முதல் மாதத்திலிருந்தே அடுத்ததற்கு எடுத்துவைக்க வேண்டும். சம்பளம் என்றதும் கூட்டத்தில் முகம் சுளித்தார்கள்: நம் பிள்ளைகள்தானே, சேவையாகச் செய்ய மாட்டார்களா? முதல் ஆறு மாதம் செய்வார்கள். பிறகு ஒருவன் டர்பனுக்கு வேலைக்குப் போவான், இன்னொருவன் கல்யாணம் செய்துகொள்வான். இடி விழுந்த இரவில் மலையேறுகிறவனுக்குக் கூலி கொடுக்காத சங்கம் பத்தொன்பது நாள் கம்பெனியைவிட மோசமாகிவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் என் சாய்வு இது. முழுவதையும் நாமே போட வேண்டாம், முழுவதையும் பிறரிடம் விடவும் வேண்டாம். நகரத்திலிருந்து மலை உச்சிவரை வரும் பெரிய இணைப்பை வயர்லெஸ் நிறுவனத்திடமே மொத்தவிலைக்கு வாங்கலாம். அது அவர்கள் தொழில், அவர்களுக்கு உரிமமும் உண்டு. அறுபது வீடு தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத விலை, ஒரு சங்கம் ஒரே காசோலையோடு போனால் கிடைக்கும். ஒப்பந்தம் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கூடாது, எத்தனை மணிக்குள் பழுது நீக்க வேண்டும் என்பது எண்ணால் எழுதப்பட வேண்டும். உச்சியிலிருந்து வீடுகள்வரை கருவி, பேட்டரி, சாவி எல்லாம் சங்கத்துடையது. நாளைக்கு நிறுவனம் சரியில்லை என்றால் வேறொருவரிடம் பெரிய இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். கூரைகளில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. முதலில் கோயில் சங்கமாக ஆரம்பிப்போம், பிறகு ஜூலு வீடுகளைச் சேர்த்துக்கொள்வோம் என்று மூன்றாவது கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. உச்சி இருக்கும் நிலம் அவர்களுடைய தலைவரின் ஆளுகையில் இருக்கிறது, பாதிக்கு மேல் வீடுகள் அவர்களுடையவை. பிறகு சேர்த்துக்கொள்கிறவன் உறுப்பினன் இல்லை, வாடிக்கையாளன். பதிவுத் தாளில் எழுதும் முதல் ஐந்து பெயர்களில் குறைந்தது இரண்டு அவர்களுடையவையாக இருக்க வேண்டும். தலைவரின் ஒப்புதலைக் கேட்கப் போகும்போது தாம்பூலத் தட்டோடு நாங்கள் மட்டும் போய் நிற்பதும், அவருடைய ஊர்க்காரர்களோடு சேர்ந்து போய் நிற்பதும் ஒன்றல்ல.

போன சனிக்கிழமை பார்வைக்கோடு பார்த்தோம். எதிர்மேட்டில் சிபூசிசோ என்ற பையன் அம்மாவின் முகக்கண்ணாடியோடு நின்றான். மண்டபத்தின் கூரையில் நான். நாலு மணி பத்து நிமிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னல் அடித்தது, பிறகு இன்னொன்று. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மின்னிய இடத்துக்கு இடப்பக்கம், கோட்டுக்கு ஓர் ஆள் உயரம் கீழே, வரிசை வரிசையாகத் தைலக்கன்றுகள். நட்டு ஒரு வருடம் இருக்கும். அவை யாருடையவை என்று சிபூசிசோவின் மாமா விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.